தொண்ணூற்றிரண்டு விநாடி

“கொடைய எடுங்க மேடம்.”

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று ஃபீபிக்குத் தோன்றவே இல்லை. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த ஷூ கம்பெனி வரைக்கும் கொட்டுகிற மழையில் ஓடி வந்திருந்தாள். துப்பட்டா நனைந்து, செருப்பில் தண்ணீர் புகுந்து, நெஞ்சோடு அணைத்திருந்த ஃபைல் மட்டும் காய்ந்திருந்தது. அந்த ஃபைலுக்குள்தான் அவளுடைய எம்.எஸ்ஸி. பட்டமே இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும்...

“மேடம். கொடை.”

திரும்பினாள். நீலச் சீருடையில் ஒருவன். அவன் அவளைப் பார்க்கவில்லை. மேஜையில் அடுக்கியிருந்த தோல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அடுக்கின் மேல்தான் அவளுடைய குடை ஒய்யாரமாய்ச் சாய்ந்து, சொட்டுச் சொட்டாய்...

அவசரமாய் இழுத்தாள். இழுத்த வேகத்தில் குடை ஒரு தரம் விரிந்து, மிச்சமிருந்த தண்ணீரையும் அதே அடுக்கின் மேல் தெளித்தது.

“நல்லாக்குது,” என்றான் அவன். “இதுவரைக்கும் ஒரு தோலுதான் நனைஞ்சிருந்துச்சு.”

“சாரிங்க... தொடச்சிடறேன்.”

“தொடாதீங்க. தொடச்சா இன்னும் ஜாஸ்தி பரவும். இந்தத் தோலுல ஒரு சொட்டு பட்டாலும் கறை நின்னுடும்.”

மேலிருந்த இரண்டு தோல்களைப் பக்குவமாய் எடுத்து ஓரம் வைத்தான். பிறகுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அம்மாடி, அது என்ன பார்வை! நெற்றியில் ஒட்டிய முடி, கன்னத்தில் வழிந்த மழை, இடது புருவத்தின் மேல் அம்மைத் தழும்பு... ஒரே பார்வையில் எல்லாக் குறையையும் எண்ணி முடித்துவிட்டான் போலிருந்தது. ஃபீபிக்கு முகம் சூடேறியது. கோபம்தான், வேறென்ன என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ளட்டும், நமக்கென்ன.

அவள் வந்த காரியம் இதுதான். வேலூரில் உளவியல் கடைசி வருடம் படிக்கிறாள். நாள் பூராவும் தோலில் குறை தேடித் தரம் பிரிக்கிறவர்களுக்கு, ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களைவிடக் கவனம் கூர்மையாக இருக்குமா? இதுதான் அவளுடைய ஆய்வுக் கேள்வி. எழுத்துகள் கலந்து அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து, அதிலுள்ள ‘ற’ எல்லாவற்றையும் பென்சிலால் கோடிட்டு அடிக்கச் சொல்வாள். எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்ப்பாள். முப்பது பேர் வேண்டும். இருபத்தொன்பது முடிந்துவிட்டது; மிச்சம் தோல் செக்‌ஷன் வேலாயுதம் மட்டும். கம்பெனி கொடுத்த அனுமதிக்கு இன்றுதான் கடைசி நாள். ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

“வேலாயுதம் அண்ணனுக்குக் காய்ச்சலாம்மா, வரல,” என்றார் ஆபீஸில் இருந்த அக்தரி பேகம். “பேஜாராகாத. அதே செக்‌ஷன்ல ஞானசீலன்னு ஒருத்தன் இருக்கான், அவன அனுப்பறேன்.”

வந்தவன் யாரென்று சொல்லவும் வேண்டுமா.

கேன்டீனை ஒட்டிய சின்ன அறை. அவன் ஒப்புதல் படிவத்தை வரி விடாமல் படித்தான். இதுவரை யாருமே படித்ததில்லை.

“இஷ்டம் இல்லாட்டி எப்ப வேணாலும் எழுந்து போலாம்னு போட்ருக்குது.”

“ஆமாங்க.”

“போலாமா?”

“போலாம்... உங்க விருப்பம்,” என்றாள், அழாத குறையாக.

“சும்மா கேட்டேன் மேடம். பேப்பரக் குடுங்க.”

“தொடங்குங்க,” என்றாள்.

அவன் பென்சிலைத் தொடவில்லை. முதலில் தாளை உள்ளங்கையால் மெல்லத் தடவினான். பிறகு ஜன்னல் பக்கம் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தான். தோலைப் பார்க்கிற பழக்கம், கை தானாய்ச் செய்தது. மழை வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. அந்த விரல்கள்... தாளுக்கு வலிக்குமோ என்று பயந்தவை போல் அப்படி நகர்ந்தன. அப்புறம்தான் பென்சில். வரி வரியாய், உதட்டைக் கடித்துக்கொண்டு...

“முடிஞ்சிடுச்சுங்க.”

ஃபீபி கையைப் பார்த்தாள். ஸ்டாப்வாட்ச் பூஜ்யத்தில் நின்றது. அவள் அழுத்தவே இல்லை.

முதல் வருடம் முதல் வகுப்பில் தேவகி மேடம் சொன்னது மண்டையில் இடித்தது. ரொம்ப காலம் தத்துவத்தோடு ஒரே வீட்டில் குடியிருந்த உளவியல், ஜெர்மனியில் ஒரு ஆய்வுக்கூடம் திறந்து, மனசு எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கருவி வைத்து அளக்கத் தொடங்கிய பிறகுதான் தனிக்குடித்தனம் வந்ததாம். அந்தச் சாஸ்திரத்தைப் படித்தவள் கடிகாரத்தை அழுத்த மறந்து உட்கார்ந்திருக்கிறாள். மறுபடி செய்யச் சொல்லலாமா? கூடாது. ஒருதரம் பழகிய கை இரண்டாம் தரம் வேகமாய் ஓடும், அந்தக் கணக்கு செல்லாது. இன்னொரு ஆளும் கிடையாது, இன்னொரு நாளும் கிடையாது.

படிவத்தில் அவள் கை எழுதியது: 92.

ஏன் தொண்ணூற்றிரண்டு? அவளுக்கே தெரியாது.

“எவ்ளோங்க?”

“தொண்ணூத்திரெண்டு செகண்ட்.”

“மத்தவங்க?”

“அத சொல்லக்கூடாதுங்க.” ஆனால் அவள் முகத்தில் அவன் படித்துவிட்டான். மற்றவர்கள் எல்லாம் நூற்றுப்பத்துக்கு மேல். அவன் சிரித்தான், அன்றைக்கு முதல் தடவையாக.

*

மூளைக்குள்ளே பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி உண்டு. ஆபத்து என்றால் முதலில் அதுதான் மணி அடிக்கும். ஃபீபியின் தலைக்குள் அன்றிலிருந்து அது ஓயவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் 92. கண்ணை மூடினால் 92. நடுவில் அவன் விரல்கள் வேறு...

மூன்றாம் நாள் போன் வந்தது.

“மேடம், ஞானசீலன் பேசறேன். நீங்க குடுத்த காகிதத்துல, சந்தேகம் இருந்தா இந்த நம்பருக்குக் கேக்கலாம்னு போட்ருந்துது.”

“சொல்லுங்க... இன்னா சந்தேகம்?”

“உங்க கொடை நல்லாக்குதா?”

மறுநாளும் ஒரு சந்தேகம். கனவு ஏன் கலரில் வருகிறது? அடுத்த நாள், கொட்டாவி ஏன் ஒட்டிக்கொள்கிறது? அவளும் புத்தகத்தைப் புரட்டிப் பதில் சொன்னாள். பதில் முடிந்த பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை. அவன் குரல் கேட்டதும் நெஞ்சு திடுதிடு என்று அடித்தது. இது அவனுக்காக அடிக்கிறதா, பொய்க்காக அடிக்கிறதா? பயத்தில் அடிக்கிற நெஞ்சை ஆசை என்று தப்பாய்ப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு என்று அவள் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். தன் நெஞ்சைப் பற்றி ஒரு மார்க்குக்கும் அவளால் எழுத முடியவில்லை.

அந்த வாரம் அவளுடைய ஆய்வு வழிகாட்டியான தேவகி மேடம் கூப்பிட்டார்.

“உன் முப்பதாவது ஆளப் பாத்தியா ஃபீபி? எல்லாரையும் தாண்டி நிக்கறான். இவனப் பத்தித் தனியா ஒரு அத்தியாயம் எழுது. ஆய்வுக்கே அதுதான் உயிர்.”

ஃபீபி தலையாட்டினாள். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தவள் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை அவன் சந்தேகம் எதுவும் கேட்கவில்லை.

“ஒண்ணு சொல்லணும் மேடம். ஸ்கூல்ல எனக்கு மந்தம்னுதான் பேரு. வாத்தியாருங்க அப்படித்தான் கூப்புடுவாங்க. பன்னண்டாவதோட நின்னுட்டேன். நீங்க தொண்ணூத்திரெண்டுன்னு சொன்னீங்க பாருங்க... ஊட்டுக்குப் போய் எங்கம்மாகிட்ட சொன்னேன். அது அழுதுடுச்சு.”

ஃபீபியும் அழுதாள், சத்தம் வெளியே போகாமல். பொய்யை மறைத்தால் இந்தப் பொய்யின் மேல்தான் பட்டம். உண்மையைச் சொன்னால் பட்டமும் போகும், அவன் சந்தோஷமும் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்.

*

சனிக்கிழமை ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு கம்பெனி கேட்டில் நின்றாள். தூறிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியைக் கண்டு, திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

“அந்தத் தொண்ணூத்திரெண்டு பொய்ங்க,” என்றாள். “நான் வாட்ச்ச அழுத்தவே இல்ல. மறந்துட்டேன். அப்புறம் வாயில வந்தத எழுதிட்டேன்.”

சைக்கிள்களும் பைக்குகளும் அவர்களைத் தாண்டிப் போயின. அவன் சிரிப்பு மெதுவாய் இறங்கியது.

“என்னப் பாத்து பாவம்னு போட்டீங்களா?”

“சத்தியமா இல்லங்க...”

“கம்மியா படிச்சவன், சந்தோஷப்பட்டுட்டுப் போவட்டும்னு. அதான?”

“இல்ல சீலன்...”

“எங்கம்மாகிட்ட இன்னான்னு சொல்றது?”

பதிலுக்கு அவன் நிற்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே போய்விட்டான்.

திங்கட்கிழமை தேவகி மேடத்திடம் சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஃபைலை மூடி அவள் பக்கம் நகர்த்தினார்.

“ஒண்ணுல பொய் எழுதின கை. மிச்சம் இருபத்தொம்போதயும் நான் எப்படி நம்பறது? எல்லாத்தையும் மறுபடி எடு. வேற கம்பெனி, வேற ஆளுங்க. ஆறு மாசம் போகும். வாட்ச் நீ புடிக்கக்கூடாது, உன் ஃப்ரெண்டு கிறிஸ்டினா புடிக்கட்டும்.” கொஞ்சம் நிறுத்தி, “ஏன் அழுத்த மறந்த?” என்றார்.

“கவனக்குறைவு மேடம்.”

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

வீட்டில் சொல்லியாயிற்று. அம்மா இரண்டு நாள் பேசவில்லை, அதுவும் தீர்ந்தது. இனி பயப்பட எதுவும் மிச்சமில்லை. ஆனால் போன் அடித்தால், அது அவனாக இல்லாவிட்டாலும், நெஞ்சு மட்டும் அதே திடுதிடு. அப்படியானால் இது பயமில்லை. அவன் கூப்பிடவே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம்...

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, வேலூரில் கல்லூரி வாசலில் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முகத்தில் தூக்கமில்லை.

“லீவு போட்டுட்டு வந்தேன். எனக்கு உண்மையான நம்பர் வேணும் மேடம். நல்லதோ கெட்டதோ... எங்கம்மாகிட்ட அதச் சொல்லணும். மறுபடி வைங்க.”

“ஆய்வுல சேக்க முடியாதுங்க.”

“சேக்க வேணாம். எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

“சரி,” என்றவள் கிறிஸ்டினாவுக்கு மெசேஜ் போட்டாள். “வேற தாள் இருக்கு. ஆனா என் ஃப்ரெண்டு கிறிஸ்டினாதான் வாட்ச் புடிப்பா. நான் உள்ள வரமாட்டேன்.”

“ஏன்? நீங்களே புடிங்க. இந்தவாட்டி மறக்க மாட்டீங்க.”

“மறந்துடுவேன்.”

அவன் புரியாமல் பார்த்தான். இதைச் சொல்லாமல் இன்னொரு கவனக்குறைவு என்று தப்பித்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு பொய் பட்டபாடு போதும். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“அன்னிக்கு பாவம்னு போடல. நீங்க தாளத் தடவினீங்க... வெளிச்சத்துல பாத்தீங்க... நான் உங்களையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அதான் அழுத்தல. உங்க விஷயத்துல எனக்கு நடுநிலைமை இல்லங்க. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு.”

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் கிறிஸ்டினா வந்து, “வாங்க சார், லேப் காலியா இருக்குது,” என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இப்படியா ஒருத்தி வருவாள், அந்த நேரத்தில்!

ஃபீபி வராந்தாவில் நின்றாள். சொல்லிவிட்டோமே... ஒரு பதிலும் இல்லையே... கடவுளே, அவனுக்கு ஒரு நல்ல நம்பர் வரட்டும். நூற்றுப்பத்து போதும். நூற்றிருபது என்றாலும் பரவாயில்லை. மறுபடியும் அந்த ‘மந்தம்’ அவன் மேல் விழாமல் இருந்தால் போதும்.

கதவு திறந்தது. கிறிஸ்டினா தாளோடு வெளியே வந்தாள். “நூத்தி நாப்பத்தொண்ணு,” என்றாள். “மூணு எழுத்த விட்டுட்டாரு.” சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பின்னால் அவன் வந்தான். முகத்தை ஏறிட்டுப் பார்க்க ஃபீபிக்குத் தைரியமில்லை.

“கேட்டீங்களா? எங்க செக்‌ஷன்லயே நான்தான் கடைசியா இருப்பேன்.”

“அது வெறும் நம்பர்ங்க... வருத்தப்படாதீங்க சீலன்...”

“யாரு வருத்தப்பட்டாங்க?”

நிமிர்ந்தாள். அவன் கண்கள் அன்றைக்கு மாதிரி குறை எதுவும் தேடவில்லை. கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தன.

“அப்படி ஒண்ணச் சொல்லிட்டு உள்ள அனுப்பினா ஒரு மனுஷன் எப்படிங்க எழுத்தத் தேடுவான்? பேப்பர்ல ஒரு எழுத்தும் நிக்கல. கதவுக்கு வெளிய நீங்க நிக்கிறது மட்டுந்தான் தெரிஞ்சுது.” குரல் தணிந்தது. “எனக்கும் உங்கள புடிச்சிருக்குது, ஃபீபி. நூத்தி நாப்பத்தொண்ணு ஏன் ஆச்சுன்னு எங்கம்மா கேக்கும். நீங்களே வந்து சொல்லிடுங்க.”