பன்னிரண்டாவது பச்சை

மனிதகுலம் ஜனநாயகத்தைப் பிழையில்லாமல் செய்து முடித்த இடம், செவ்வாய்க் கிரகத்தின் நெடுவெளிக் குடியரசு. பெருமைக்காகச் சொல்லவில்லை, பதிவு இருக்கிறது. எல்லையை விரிவாக்க இதுவரை பதினோரு வாக்கெடுப்பு நடத்தினோம். பதினோரு பள்ளத்தாக்குகள் எங்கள் வரைபடத்தில் ஏறின. கடைசி நான்கு முறையும் எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. பூமியின் வரலாற்றில் இப்படி ஒரு ஒற்றுமை உண்டா?

எங்கள் விஞ்ஞானத்தின் அருமை, காலையில் கல்லூரி மெஸ் வரிசையில் நின்றாலே தெரியும். ஒவ்வொருவர் காலரிலும் ஒரு வாக்கொளி எரியும். காலர்ப் பொத்தானை அழுத்தி ‘வேண்டும்’ என்று வாக்களித்தவருக்குப் பச்சை, ‘வேண்டாம்’ என்றவருக்குச் சிவப்பு. அடுத்த வாக்கெடுப்புவரை அணையாது. மறைக்க முடியாது, மாற்ற முடியாது. மெஸ் சகாயமேரி அக்கா எங்கள் முகத்தைப் பார்ப்பதேயில்லை. காலரைப் பார்த்துத்தான் சாம்பார் ஊற்றுவார்.

ஏழாவது வாக்கெடுப்பில் தாவரவியல் ஆசிரியர் ஞானதிரவியம் சிவப்பு போட்டார். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை; நாகரிகமான குடியரசு இது. முடி வெட்டுபவருக்கு மட்டும் பதினான்கு மாதம் நேரமே கிடைக்கவில்லை. எட்டாவதில் ஐயா பச்சை போட்டார். மறுநாள் கிராப்போடு வகுப்புக்கு வந்தார்.

பன்னிரண்டாவது வாக்கெடுப்பு பனிமுக்கு என்ற பள்ளத்தாக்கைப் பற்றியது. அங்கே தொண்ணூறு பேரும் ஏராளமான பனிக்கட்டியும் இருக்கின்றன. குடியரசுக்கு வேண்டியது பனிக்கட்டி. ஆகவே தொண்ணூறு பேரையும் எங்கள் நகரத்தின் கீழடுக்கில் குடியேற்றிவிடுவதாகத் திட்டம். என் அக்கா பொற்கொடி அந்தத் தொண்ணூறில் ஒருத்தி. வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு அழைத்திருந்தாள்.

“ஏன்டா, நாளன்னிக்கு ஓட்டாமே?”

“ஆமாக்கா.”

“பச்சையே போட்டுரு. ஸ்காலர்ஷிப்பக் கெடுத்துக்காத. நாங்க எப்படியோ மூட்டையக் கட்டிக்கிறோம்.”

பின்னால் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. என்ன என்று கேட்டேன்.

“ஒங்க அத்தான் தொட்டிலுக்குக் கொக்கி அடிக்கிறாரு. இப்ப எதுக்குன்னா கேக்க மாட்டேங்கிறாரு.”

அந்த வாரம் கல்லூரியில் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு’ கண்காட்சி. ஒரு நீராவி எஞ்சின், ஒரு தந்திக் கருவி, மரத்தாலான ஒரு ஓட்டுப் பெட்டி, அதன் பக்கத்தில் துணித்திரை போட்ட மறைப்பு. பெட்டிக்குப் பொறுப்பு நானும் என் வகுப்புத் தோழி எப்சிபாவும். விளக்கம் சொல்வது என் வேலை.

“பாருங்கள், இந்த நூற்றாண்டு மனிதன் ரயில் விட்டான், தந்தி அடித்தான், கண்ட இடத்திலெல்லாம் கொடி நட்டான். ஊரறியத் தைரியமாக வாயால் ஓட்டுச் சொல்லிக்கொண்டிருந்தவன், ஆஸ்திரேலியாவில் ஆயிரத்தெண்ணூற்று ஐம்பத்தாறில் தொடங்கி, திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். திருட்டு முறுக்குத் தின்பவனைப் போல! இதற்குச் சீர்திருத்தம் என்று பெயரும் வைத்தான்.”

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் ஆசைக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கச் சீட்டும் கொடுத்தோம். தோசையா இட்லியா என்று கேட்டால் எவன் வருவான்? குறும்புக்காகச் சீட்டில் அசல் கேள்வியையே எழுதிவைத்தேன்: ‘பனிமுக்கை இணைக்கலாமா?’

முதல் நாள் முப்பது பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் வரிசை வாசலைத் தாண்டியது. உள்ளே போனவர்கள் வெளியே வரத் தாமதமானது. ஞானதிரவியம் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். முடிவெட்டுபவரும் வந்திருந்தார்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தோம். குடியரசின் அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்காளர்களில் நானூற்று இரண்டு பேர் போட்டிருந்தார்கள். ‘வேண்டும்’ பத்தொன்பது. மற்றதெல்லாம் ‘வேண்டாம்’.

“தப்பா எண்ணிட்டோம்” என்றேன்.

“மூணு தடவையா?” என்றாள் எப்சிபா.

“வெளையாட்டுக்குப் போட்டிருப்பாங்க. நீ என்ன போட்ட?”

“அதக் கேக்கக் கூடாதுன்னு போர்டுல எழுதி வச்சது நீதானே சடகோபா? போ அங்கிட்டு.”

எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதினாள். “மெஸ் கதவுல ஒட்டப் போறேன். வேணாம்னா இப்பச் சொல்லு.”

நான் நான்காவது தடவையாக எண்ணத் தொடங்கினேன். அவள் பசை டப்பாவோடு போனாள்.

மறுநாள் காலை மன்றத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் கூடினோம். சபைத் தலைவர் எங்கள் காலர்களில் எரிந்த பழைய வாக்கொளிகளை அணைத்தார்.

“வாக்களியுங்கள்.”

ஒரு காலரும் எரியவில்லை. எல்லாரும் அடுத்தவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தலைவர் இரண்டாம் முறையும் சொன்னார். தும்மல் ஒன்று கேட்டது, அவ்வளவுதான்.

பின்வரிசையில் சகாயமேரி அக்கா எழுந்தார். “அந்தப் புள்ளைங்க பெட்டிய எடுத்தாரச் சொல்லுங்கய்யா. அதுல போடுறோம்.”

தலைவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். வாக்களிக்க வேண்டும் என்று இருந்தது. எப்படி என்று இல்லை. வேறு விதம் ஒன்று இருக்க முடியும் என்றே எங்கள் முன்னோர் யோசித்திருக்கவில்லை, அத்தனை தன்னம்பிக்கை.

பெட்டியையும் திரையையும் நானே சுமந்து வந்தேன். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் எல்லாருடைய நடையும் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

கடைசியில் எப்சிபா ஒரு சீட்டை என் பக்கம் நீட்டினாள். வாங்காமலும் இருந்திருக்கலாம். காலர்ப் பொத்தான் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. திறந்த மனதுக்காரன் எல்லாரும் பார்க்க அழுத்திவிட்டுப் போகலாம்.

வாங்கினேன். உள்ளே ஒரு பலகை, ஒரு பென்சில். என் பேச்சுக்குச் சிரிக்கவோ முறைக்கவோ அங்கே ஒருவரும் இல்லை. பென்சிலை எடுத்தேன். திரையின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது.

இழுத்து மூடிவிட்டு எழுதினேன்.