எஸ்டிபி

பென் டிரைவை உருவிய பிறகும் திரையில் அதன் வரி அப்படியே இருந்தது.

டிஸ்க்குகளின் பட்டியலில் முதலில் எஸ்டிஏ, அவனுடைய லினக்ஸ் கணினியின் டிஸ்க். அதற்குக் கீழே எஸ்டிபி, பென் டிரைவுக்குக் கிடைத்த பெயர். அளவு இருக்கவேண்டிய இடம் காலி. பென் டிரைவோ அவன் உள்ளங்கையில். எப்போதும் இப்படித்தான் சரிபார்ப்பான்: உருவியதும் எந்த வரி மறைகிறதோ, அதுதான் பென் டிரைவ். ஓர் எழுத்து மாறினால் வேறு டிஸ்க் போய்விடும். பென் டிரைவில் பூட் கோப்பை எழுதும் கட்டளை யாரையும் கேட்காது. முதலிலிருந்து அழித்துக்கொண்டே எழுதும்.

போன் அடித்தது. இறந்துபோன மனைவியின் அண்ணன்.

"கிளம்பிட்டேன் மாப்பிள்ள. என் தங்கச்சி லேப்டாப்ப எடுத்து வை."

"அது ஆன் ஆகல மச்சான். பென் டிரைவ் ஒண்ணு ரெடி பண்றேன். அதுல இருந்து பூட் பண்ணிட்டா..."

"அவ இருந்தவரைக்கும் ஒரு பல்பு மாத்தியிருப்பியா? இப்ப என்ன திடீர் மெக்கானிக்? எதையாவது அழிச்சிருந்தே, மனுஷனா இருக்க மாட்டேன்."

வைத்துவிட்டார்.

அவள் குரல் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அரை மணி நேரம் பேசிப் பதிந்து வைத்திருந்தாள். மச்சான் தூக்கிக்கொண்டு போவதற்குள் அதை நகல் எடுத்துவிட வேண்டும். அவனுக்கு வேறெதுவும் வேண்டாம்.

பென் டிரைவைத் திரும்பச் செருகினான். புது வரி எதுவும் வரவில்லை. பட்டியல் பழசாக இருக்கும், நேரமில்லை என்று கட்டளையில் எஸ்டிபி என்றே அடித்து எண்டரைத் தட்டினான்.

சாத்திய ஜன்னல்களுக்குள் மாலை வெயில் மஞ்சளாகத் தேங்கி நிற்க, கணினியின் விசிறி யாரோ மூக்கை அடைத்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல ஏறி இறங்க, எழுதிய அளவைக் காட்டும் எண் ஓடிக்கொண்டிருந்தது. நானூறு எம்பி. எழுநூறு. பென் டிரைவின் விளக்கு மட்டும் சிமிட்டவில்லை.

உருவினான். எண் ஓடியது.

கட்டளையை நிறுத்தக் கண்ட்ரோல் சி அடித்தான். ஓடியது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தான். விசிறி நின்றது. எண் நிற்கவில்லை.

எதன் மேல் எழுதிக்கொண்டிருக்கிறது?

அம்மாவைக் கூப்பிடவேண்டும் போலிருந்தது. அம்மாவின் முகம் வரவில்லை. படித்த பள்ளி? ஒரு கேட் இருந்தது. கேட்டும் போனது. நெற்றிக்குள் ஏதோ வரிசையாக, ஒழுங்காக, குளிர்ந்துகொண்டே வந்தது.

பூட் கோப்பு மொத்தமே இரண்டு ஜிபிதான். எண் ஒன்பதைத் தாண்டியது.

தன் பெயரைச் சொல்லிப் பார்த்தான். நாக்கு அசையவில்லை.

பதினொன்று.

இந்தக் கை யாருடையது?

எண் நின்றது.

கதவு தட்டப்பட்டது. கால்கள் தாமாகவே எழுந்து நடந்தன. அவன் நிறுத்தப் பார்த்தான். நிறுத்தும் இடம் அவனிடம் இல்லை. கை தாழ்ப்பாளை நீக்கியது. வாசலில் ஒரு பெரிய மனிதர், கோபத்தில் சிவந்த முகத்தோடு.

"எங்கடா லேப்டாப்பு?"

அவன் வாய் திறந்தது. தொண்டைக்குள் ஒரு பெண் செருமினாள்.

"என்னண்ணா இவ்ளோ சத்தம்? உள்ள வா."

அந்த மனிதரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை எங்கோ ஒரு மூலையிலிருந்து அவன் பார்த்தான். அவன் கை நீண்டு, அவர் மணிக்கட்டை அன்பாகப் பற்றி உள்ளே இழுத்தது.