சிட்டிபாபுவின் விரல்

மூன்று நாளாகச் சிட்டிபாபு வலது கையை டிராயர் பையை விட்டு எடுக்கவில்லை. தூக்கத்தில்கூட அப்படித்தான். சாப்பாட்டை அம்மா ஊட்ட வேண்டியிருந்தது. ஒன்றாம் வகுப்பை முடித்த பெரிய மனிதர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அக்கா காந்திமதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கவலை வந்தது.

"கையில என்னடா ஆச்சு?" என்று கிணற்றடியில் கேட்டாள்.

அவன் கையைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டான். "பரங்கிப் பிஞ்சை நான்தான் கொன்னுட்டேன்."

விஷயம் இதுதான். செம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் கத்திரி, வெண்டை, பரங்கி எல்லாம் உண்டு. பரங்கிக் கொடியில் முதல் பிஞ்சு வந்ததும் சிட்டிபாபு எல்லாருக்கும் விரல் நீட்டிக் காட்டினான். பக்கத்து வீட்டுத் தனம் அக்கா பதறிவிட்டாள்.

"பிஞ்சை விரல் நீட்டிக் காட்டாத கண்ணு, அழுகிடும். விரலை மடக்கிக்கினு காட்டு."

நாலாம் நாள் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தது. அடுத்த பிஞ்சும் விழுந்தது.

"ரெண்டாவதை நீ காட்டலையே?" என்றாள் காந்திமதி.

"மறந்துபோய்க் காட்டிட்டேன்" என்று அழுதான் தம்பி.

காந்திமதி கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தோட்டத்தில் ஏதோ குறைந்தது. தேனீச் சத்தம்தான். லீவு விட்ட புதிதில், பரங்கி பூப்பதற்கு முன்பே, "தோட்டமா இது, காடு மாதிரி கிடக்கு" என்று அப்பா வேலியோரத் தும்பைச் செடிகளை எல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார். தும்பை போனது, தேனீயும் போய்விட்டது. ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்கு யார் கொண்டுவந்து சேர்ப்பது? ஐந்தாம் வகுப்பில் இதற்குப் படம்கூட வரைந்திருந்தாள்.

மறுநாள் காலை ஓர் ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளினாள். அதை, அடியில் பிஞ்சு வைத்திருந்த பெண் பூவுக்குள் மெல்லத் தடவினாள். பிறகு தன் விரலை நன்றாக நீட்டிப் பிஞ்சைக் காட்டினாள்.

"அக்கா, வேணாம்" என்று தம்பி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான்.

"விழுந்தா என் விரல்மேல பழி. உன் விரல்மேல இல்ல, சரியா?"

தினமும் காலையில் காட்டினாள். சிட்டிபாபு கண்ணை மூடிக்கொள்வான். நாலாம் நாள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். பிஞ்சு விழவில்லை. பத்தாம் நாள் தேங்காய் அளவுக்குப் பருத்துவிட்டது.

காந்திமதி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "இனிமே தும்பை முளைச்சா பிடுங்காதீங்கப்பா."

"அப்போ கொன்னது நான்தானா?" என்று அப்பா தலையைச் சொறிந்தார். சிட்டிபாபு அவரை மிகவும் பரிவோடு பார்த்தான்.

சாயங்காலம் தனம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கண்ணு, காய் வுட்டுச்சாமே? எங்க கீது?"

சிட்டிபாபு பையிலிருந்து கையை எடுத்தான். ஒரு விரல் போதவில்லை அவனுக்கு. ஐந்து விரலையும் நீட்டிக் காட்டினான்.