இடப்பக்கத்து நாலாவது பெட்டி

மதியம் இரண்டே முக்கால் மணிக்கு அவளுடைய கர்சர் சுவருக்குள் போனது.

சுவர் என்றால் நிஜச் சுவர்தான். மேசை இடது கோடியில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. முதலில் அவளுடைய கம்ப்யூட்டர், அதற்கு வலப்பக்கம் கணவனின் லேப்டாப், அதற்கும் அப்பால் தாங்கியில் சாய்ந்து நின்ற அவள் போன், மூன்றுக்கும் சேர்த்து ஒரே மவுஸ், ஒரே கீபோர்டு. கர்சரை வலப்பக்கம் தள்ளினால் ஒரு திரையின் ஓரத்தைத் தாண்டி அடுத்த திரைக்குள் நுழைந்துவிடும். ஒன்றில் வெட்டியதை இன்னொன்றில் ஒட்டலாம். இந்த ஏற்பாட்டைச் செய்தவன் அவன்தான். செய்துவிட்டு, தெருவையே கூட்டி வைத்துக் காட்டாத குறையாகப் பெருமை பேசியவனும் அவன்தான். இடப்பக்கம் ஒன்றும் கிடையாது. கர்சர் அங்கே முட்டி நிற்க வேண்டும். இன்று அது முட்டவில்லை. வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மவுஸை இந்தப் பக்கம் இழுத்தபோது, சேற்றில் மாட்டிய கால் மாதிரி மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. பாடப்புத்தகம் ஒன்றின் பக்கங்களை அவள் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இன்னும் பதினோரு பக்கம் பாக்கி.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சும்மாவா சொன்னாங்க?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு எலி கூட இல்ல!"

சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. இரவு ஷிப்டு முடித்து வந்தவன் அங்கே தூங்கிக்கொண்டிருந்தான். "ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு, திரைகளின் வரிசையைக் காட்டும் படத்தைத் திறந்தாள். மூன்று பெட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தன. நாலாவது, இடப்பக்கக் கோடியில். எல்லாப் பெட்டிக்கும் பெயர் இருந்தது, அதற்கு மட்டும் இல்லை. திரை மாதிரி அகலமாகவும் இல்லை. ஏறக்குறைய சதுரமாக, படுக்கையறையை மேலிருந்து பார்த்து வரைந்ததுபோல இருந்தது.

படுத்தபடியே இன்னொரு போனை இணைத்து விளையாடுகிறான் என்று முடிவுகட்டினாள். போன மாதம் அப்படித்தான் அவள் கர்சரைப் பிடித்து ஆட்டி, ஒரு பக்கத்தையே நாசமாக்கிவிட்டு, ஈ என்று இளித்தான். வேண்டுமென்றே கர்சரை இடப்பக்கம் தள்ளி, மவுஸை அழுத்தினாள். விரலுக்குக் கீழே ஒரு 'டிக்'. அதே நொடியில் சுவருக்குள்ளிருந்து ஒரு 'டிக்'. வெயிலில் காய்ந்த தூசியும் சூடேறிய கம்பியும் கலந்த ஒரு வாசனை, சுவரின் காரை வழியாகக் கசிந்து வருவதுபோல மூக்கில் ஏறியது. அழுத்திய விரலை எடுக்காமல் மவுஸைக் கோபத்தோடு இழுத்தாள்.

கட்டில் தரையில் உராயும் சத்தம் கேட்டது.

"ஏய்," தூக்கக் கலக்கத்தில் அவன் குரல். "கட்டில ஏன்டி இழுக்கற?"

"நான் இங்க உக்காந்திருக்கேன்! உங்க கட்டில எங்க போய் இழுக்கறது? விளையாட வேற நேரமே கிடைக்கலையா உங்களுக்கு?"

"யாரு விளையாடறா? தூங்க விடு."

தூங்கட்டும். கும்பகர்ணன். அவள் பாடப்புத்தகப் பக்கத்துக்குத் திரும்பினாள். கண் மேசையிலிருந்த தாளில் இருந்தது. பத்து வருடப் பழக்கத்தில் கை தானாக வேலை செய்யும், திரையைப் பார்ப்பதே இல்லை. மூன்றாவது பத்தியைத் தூக்கி அடுத்த பக்கத்தில் போட வேண்டும். மவுஸை இழுத்து ஒரு கட்டம் போட்டாள். வெட்ட, கன்ட்ரோல் எக்ஸ்.

"ஏய், என் கண்ணாடி எங்"

குரல் நின்றது.

தலையைத் தூக்கினாள். மூன்றாவது பத்தி இருந்த இடத்திலேயே இருந்தது. கர்சரைக் காணவில்லை.

"என்னங்க?"

சுவரைத் தட்டினாள்.

"ஏங்க, என்கிட்ட வெச்சுக்காதீங்க. சொல்லிட்டேன்."

எழுந்து போனாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. கட்டில் ஒரு முழம் நகர்ந்திருந்தது. மூக்குக்கண்ணாடி தரையில் கிடந்தது. அவன் இல்லை. அவன் படுத்திருந்த இடத்தில் போர்வை இல்லை, விரிப்பு இல்லை, மெத்தை இல்லை. நேர்கோட்டில், ஒரு கட்டமாக, நான்கு மூலையும் பிசகாமல். வெட்டுப்பட்ட பஞ்சு வெள்ளையாகத் தெரிந்தது. தலையணையில் பாதி மட்டும் மிச்சம்.

வெட்டு.

அவள் வெட்டினாள்.

ஓடி வந்து நாற்காலியில் விழுந்தாள். வெட்டியது அழியாது. காத்திருக்கும். அடுத்ததை வெட்டும்வரை. அடுத்ததைப் பிரதி எடுக்கும்வரை. அதற்குமேல் கிடையாது. இந்த மூன்று திரையில் எதில் எடுத்தாலும் போச்சு. எதையும் தொடாதே. எதையும். மவுஸை மட்டும் இடப்பக்கம் தள்ளினாள். கர்சர் எங்கே என்று தெரியாது. தள்ளினாள். போயிருக்கும். போயிருக்க வேண்டும்.

ஒட்ட, கன்ட்ரோல் வி.

ஒன்றும் இல்லை.

கோபம் தலைக்கேறியது. அவன்மேல், அவன் ஏற்பாட்டின்மேல், திரையைப் பார்க்காத தன் கண்ணின்மேல். "குடுத்துடு! அவரக் குடுத்துடு, சனியனே!" அழுதுகொண்டே அந்த விசையைக் குத்தினாள். வி. வி. வி. வி. வி.

"க வெச்ச?"

அவன் குரல்.

அவளுக்கு மூச்சு வந்தது. "கடவுளே" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகுதான் அந்தக் குரல் காதில் உறைத்தது. கனமாக இருந்தது, பலர் சேர்ந்து ஒரே சமயத்தில் பேசியதுபோல.

பாதச் சத்தம். நிலைப்படியில் வந்து நின்றான். ஒருவன்தான். குனிந்து தரையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தான்.

அவள் தொழிலில் தெரிந்ததுதான். ஒரே இடத்தில் ஆறு தடவை ஒட்டிய எழுத்து ஓர் எழுத்தாகத்தான் தெரியும். ஓரம் மட்டும் தடித்திருக்கும். நகர்த்தினால்தான் அடியில் இருப்பது வெளியே வரும்.

அவன் ஓரம் தடித்திருந்தது.

"நகராதீங்க," என்றாள். "அப்படியே நில்லுங்க. நகரவே நகராதீங்க."

"ஏன் அழற?" என்று கேட்டு அவளைப் பார்க்க நிமிர்ந்தான்.

ஒரு முகம் நிமிர்ந்தது. மற்ற ஐந்தும் குனிந்தபடியே தேடிக்கொண்டிருந்தன.