கேட்ட பிறகு வரும் மௌனம்

கொட்டும் மழையில் ஒருவன் அந்தப் பேனரை அறுத்துக்கொண்டிருந்தான்.

பிரவீணா குடையை விரிக்கக்கூட மறந்து, அரியலூர்ப் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஓடினாள்.

“ஹலோ... என்ன பண்றீங்க? அது யாரு பேனர்னு தெரியுமா?”

அவன் திரும்பவில்லை. சாரக்கழியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, சிறு கத்தியால் சதுரமாக அறுத்தான். பேனரில் ‘கல்வி வள்ளல்’ வைரக்கண்ணு சிரித்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து ஆளுயரக் காசோலை அட்டையை வாங்கும் மாணவியின் முகம் இருந்த இடத்தில் இப்போது ஓட்டை. அதன் வழியே மழை தெரிந்தது.

“முழுசா கிழிக்கலைங்க. இந்தப் புள்ள மூஞ்சிய மட்டுந்தான் எடுத்தேன்.” குதித்து இறங்கினான்.

“போலீஸ்ல சொல்லுவேன்!”

“சொல்லுங்க. ஆளு யாருன்னு கேட்டா?”

“திருடன்னு சொல்லுவேன்.”

“முகத்தத் திருடுனவன்னு சேத்துச் சொல்லுங்க... தேடறதுக்குச் சுலபமா இருக்கும்.”

பேச்சில்தான் கேலி இருந்தது. கண்களில் இல்லை. சுண்ணாம்புக்கல் லாரிகளின் வெள்ளைத் தூசி இமைகளில் படிந்திருக்க, மழை அதைக் கரைத்துக் கன்னத்தில் கோடிட்டது. அழுதவனைப் போல இருந்தான்... ஒருவேளை அழுதுதான் இருந்தானோ? வெட்டியெடுத்த துண்டை, முகம் உள்பக்கம் வரும்படி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“அந்தப் படத்த எடுத்ததே நான்தாங்க” என்றாள் பிரவீணா.

“அப்ப உங்ககிட்டதான் சொல்லணும். இந்தப் புள்ள புவனா ஏன் ஸ்கூலுக்கு வரலைன்னு தெரியுமா?”

“காய்ச்சல்னு சொன்னாங்க...”

“காய்ச்சல் இல்லீங்க. அவ தெனம் ஊர்லேருந்து வந்து ஸ்கூல் பஸ் ஏறுற எடம் இதுதான்.”

அவன் போய்விட்டான். பிரவீணா ஓட்டை விழுந்த பேனரின் கீழே நனைந்துகொண்டு நின்றாள்.

பெரம்பலூர் சாலையிலிருந்த தனியார் பள்ளியில் உதவித்தொகை நிதிக்கு அவள்தான் பொறுப்பு. கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்காகப் பெரிய கொடையாளர்களைத் தேடிப் போவது அவள் வேலை. ஆயிரம் பேரிடம் உண்டியல் குலுக்குவதல்ல அது. ஒரே ஒருவர் பெருந்தொகை தருவார். அதை வங்கியில் போட்டு முதலைத் தொடாமல் வைப்பார்கள். வட்டி மட்டும் ஒரு பிள்ளையின் கட்டணமாக ஆண்டுதோறும் வரும். அந்தப் பிள்ளை படித்து முடித்ததும் அடுத்த பிள்ளை. கிணறு வற்றாமல் வாளி மட்டும் ஏறி இறங்குவது போல...

அதனால்தான் அவசரப்படக் கூடாது. முதல் முறை போகும்போது எதையும் கேட்கக் கூடாது. அவர்களைப் பேசவிட்டு, எதை நேசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்து, பள்ளிக்கு அழைத்து வந்து காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் கேட்பது. தெளிவாக, ஒரே ஒரு முறை. கேட்ட பிறகு வாயைத் திறக்கவே கூடாது. அந்த மௌனம் கொடுப்பவருடையது. அதில் நாம் பேசினால், கேட்டதை நாமே குறைத்துக்கொள்வோம். தனக்குக் கீழே வேலை பார்க்கும் இருவருக்கும் அவள் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

வைரக்கண்ணு டிப்பர் லாரிகளின் முதலாளி. இந்த ஆண்டு புவனாவின் கட்டணத்தைக் கட்டியிருந்தார். ஊரெல்லாம் பேனர் வேண்டும் என்று அவர் கேட்டபோது, அடுத்து நிரந்தர நிதி கேட்கப் போகிறோமே என்று பிரவீணா தலையாட்டியிருந்தாள்.

அன்று மாலையே கீழப்பழுவூருக்குப் போனாள். புவனாவின் அப்பா வீரமணி, வைரக்கண்ணுவிடமே லாரி ஓட்டுபவர். “உக்காருங்க மிஸ்” என்று தரையைப் பார்த்தபடியே பாயை விரித்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த புவனா திரும்பாமலே கேட்டாள்.

“மிஸ்... எங்களுக்கு பீஸ் கட்ட முடியலைன்னு பஸ்ல போற எல்லாருக்கும் தெரியணுமா?”

பிரவீணாவுக்கு அந்தப் படத்தை எடுக்கும்போது, “கொஞ்சம் சிரிம்மா” என்று இரண்டு தடவை சொன்னது நினைவுக்கு வந்தது. பேனர்கள் இறங்காமல் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வராது.

மறுநாள் வைரக்கண்ணுவின் வீட்டில் காப்பித் தட்டோடு வந்தவனை அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

அதே கண்கள்.

“எம் பையன் தமிழரசன். லாரி ஷெட்டையெல்லாம் இவன்தான் பாத்துக்கறான்” என்றார் வைரக்கண்ணு. “ஏம்மா, சேதி தெரியுமா? நம்ம பேனர எவனோ அறுத்துப்புட்டான். ஆளு மட்டும் கையில கெடைக்கட்டும்...”

தமிழரசன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நானும் பாத்தேங்க ஐயா” என்றாள் பிரவீணா. வைரக்கண்ணுவின் பார்வை ஒரு கணம் மகன் பக்கம் போனது. “ஆளு... நல்ல ஆளுதான்.”

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவரையும் இழந்தால் அடுத்த ஆண்டு யாருக்கும் உதவித்தொகை இல்லை என்று தலைமையாசிரியை சொல்லியனுப்பியிருந்தார். ஆனாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்த அந்த முதுகை மறக்க முடியவில்லை.

“ஐயா, மிச்ச பேனரையும் எடுத்துடணும். படம் எடுத்தது என் தப்பு. இனிமே எந்தப் புள்ளையையும் மேடையில நிறுத்த மாட்டேன். யாரு பணத்துல யாரு படிக்கறாங்கன்னு வெளிய சொல்லவும் மாட்டேன். இதுக்கு ஒத்துக்கிட்டு, ரெண்டு புள்ளைங்க ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிக்கிற மாதிரி ஒரு நிரந்தர நிதி வச்சுக் குடுங்க.”

“படம் இல்ல, மேடை இல்ல... அப்புறம் நான் குடுத்தேன்னு ஊருக்கு எப்படிம்மா தெரியும்?”

“தெரியாதுங்க ஐயா.”

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

வெளியே மழை வலுத்தது. வைரக்கண்ணுவின் முகம் இறுகியது. தமிழரசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்... பேசாதே என்று கண்களால் அதட்டினாள். அவன் உதடுகள் மூடிக்கொண்டன. பார்வை மட்டும் விலகவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பார்வையைத்தான் போலும்.

“வீரமணி...” என்றார் வைரக்கண்ணு கடைசியில். குரல் இறங்கியிருந்தது. “என் மொத வண்டிக்கு டிரைவரு அவன். பேனர் வச்சதுலேருந்து என்னைய நிமிந்து பாக்க மாட்டேங்கறான். சம்பளம் பத்தலையோன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்...”

மறுபடியும் மௌனம். அதையும் அவள் கலைக்கவில்லை.

“செஞ்சுடலாம்மா.”

எழுந்தவர் மகன் பக்கம் திரும்பினார். “டேய், என் கத்திய நனைச்சு துருப்பிடிக்க வச்சிட்டியேடா. மிச்ச பேனரையும் நீயே போயி அறு.”

அதன்பிறகு, எங்காவது பார்த்துப் பேசலாமா என்று தமிழரசன் இரண்டு முறை போனில் அழைத்தான். இரண்டாவது முறை அவள் கறாராகச் சொன்னாள்.

“வேணாங்க. டொனேஷன் வாங்கப் போனவ, பையனையும் வளைச்சிட்டான்னு பேசுவாங்க. அப்புறம் நான் எந்த வூட்டு வாசல்ல போயி நின்னு கேக்க முடியும்?”

“சரிங்க” என்று வைத்துவிட்டான். அந்த ஒற்றைச் சொல் பல நாள் அவள் காதிலேயே கிடந்தது. கறாராகப் பேசியது சரிதான்... ஆனால் மழை பெய்தாலே ஏன் சாரக்கழி ஞாபகம் வருகிறது?

நிதிப் பத்திரத்தில் கையெழுத்தான மறுநாள் காலை, பிரவீணா பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள். பேனர் இருந்த இடம் வெறும் வானமாக இருந்தது. புவனா தோழிகளோடு சிரித்துக்கொண்டு பள்ளிப் பேருந்தில் ஏறினாள். அதில் இருந்தவர்களுக்கு அவள் ஓர் ஒன்பதாம் வகுப்புப் பெண், அவ்வளவுதான்.

பேருந்து நகர்ந்ததும், எதிர்ப்புறத்தில் தமிழரசன் நின்றிருப்பது தெரிந்தது. தூறலில் சாலையைக் கடந்து வந்தான்.

“அன்னிக்கு என்னைய ஏன் காட்டிக் குடுக்கல?”

“குடுத்திருந்தா பேச்சு பேனரோடயே நின்னுருக்கும்.”

“அவ்வளவுதானா?”

“...அவ்வளவு இல்ல.”

அவன் மூச்சை இழுத்துவிட்டான். “பத்திரம் முடிஞ்சுபோச்சு. இனிமே எங்கப்பா நெனச்சாலும் அந்தப் பணத்தத் திருப்பி எடுக்க முடியாது. நீங்க என்ன பதில் சொன்னாலும் புள்ளைங்க படிக்கும். அதுக்காகத்தான் இத்தன நாள் பேசாம இருந்தேன். ஊரு பேசுறதுக்கு நானும் கூட நின்னு பதில் சொல்றேன். பிரவீணா... எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

தூறல் மழையானது. லாரி ஒன்று வெள்ளைச் சேற்றை வாரியடித்துவிட்டுப் போனது. அவன் நகரவுமில்லை, பேசவுமில்லை.

கேட்கும் பக்கத்திலேயே இருந்து பழகியவளுக்கு, அந்த மௌனம் தன்னுடையதாக இருப்பது இதுவே முதல் முறை. இவ்வளவு பெரியதா அது? ஒருவன் தனக்காக இவ்வளவு நேரம் காத்து நிற்பானா? கண்கள் நிறைந்துகொண்டு வந்தன. நல்லவேளை, மழை...

குடையை விரித்து அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

“வாலிகண்டபுரத்துல எங்கப்பா இந்தத் தடவ சின்ன வெங்காயம் போட்டிருக்காரு” என்றாள். “ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாங்க. ஆனா மொத தடவையே பொண்ணு கேட்டுடாதீங்க. வெங்காயத்தப் பத்தி அவரு பேசட்டும்... நீங்க கேட்டுக்கிட்டே இருங்க.”