நாற்பது சட்டிக்கு எத்தனை?

விடிந்ததும் தெய்வக்கனி முதலில் வண்டிக்கு மூச்சு ஏற்றினாள். வண்டியின் உருளை நிரம்பிய பிறகுதான் தன் முதுகுப்பையை அதே குழாயில் மாட்டினாள். செம்பாறை ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் வரிசை. மனிதருக்கு மூச்சு குறைந்தால் வீட்டுக்குள் படுத்துக்கொள்ளலாம். வண்டிக்குக் குறைந்தால் அன்றைக்கு லோடு இல்லை.

செவ்வாயில் குடியேறி மூன்று தலைமுறை ஆகியிருந்தது. கொண்டுவந்த மின்கலங்கள் குளிரில் ஒவ்வொன்றாகச் செத்தன. புதிதாக அனுப்பப் பூமியில் யாருக்கும் அக்கறை இல்லை. முதல் கப்பலில் ஏதோ ஆசையில் ஏற்றி அனுப்பிய ஏழு பழைய பிக்கப் வண்டிகள்தான் பிழைத்துக்கொண்டன. தொட்டியில் வளர்த்த பாசியைப் புளிக்கவைத்து வடித்த சாராயத்தைக் குடித்து, உருளையில் அடைத்த பிராணவாயுவை இழுத்து அவை ஓடின. இரும்பு தேயும். தேய்ந்தால் கடைந்துகொள்ளலாம்.

தெய்வக்கனியின் வண்டிக்கு அறுபத்தொரு வயது. நாலு மாதமாக அதன் இன்ஜின் தட்டியது. வெளியே காற்று மெலிசு. சத்தம் காதுக்கு வருவதற்குமுன் சட்டத்தில் இறங்கி உள்ளங்காலுக்கு வந்துவிடும். லோடோடு ஏற்றம் ஏறும்போது யாரோ அடியில் உட்கார்ந்து ஆணி அடிப்பது போல இருந்தது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவளுக்கு ஏற்றச் சோதனை. வருடத்துக்கு ஒரு முறை, முழு லோடோடு வண்டி மேட்டில் ஏற வேண்டும். இன்ஜினில் ஒட்டிய 'எண்ணி' என்ற கருவி தட்டுகளை எண்ணும். இருபதைத் தாண்டினால் வண்டியை உடைத்து இரும்பாக்கிவிடுவார்கள். ஓட்டியவர் பாசித் தொட்டிக்குப் போக வேண்டும். வண்டி கைக்கு வருமுன் தெய்வக்கனி எட்டு வருடம் அங்கே முழங்கால் அளவு நீரில் நின்று சுவர்ப்பாசி சுரண்டியவள். அவள் கால் நகங்களில் நாலு இன்னும் முளைக்கவில்லை.

பட்டறைக்குள் காற்று உண்டு. தலைக்கூட்டைக் கழற்றினாள். அங்கே ஞானராசு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அவனும் லோடு அடிப்பவன், அவளைவிடப் பத்து வயது இளையவன்.

"யக்கா, வண்டி வாரது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிட்டு. பெஞ்சு ஆடிச்சில்லா."

"ஒன் வண்டி மட்டும் தாலாட்டுதாக்கும்? வாய மூடுலே."

பட்டறையை நடத்துவது ஒரு எந்திரன். ஆறு கை, ஒரு விளக்கு. ஊர் அதை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டது. பூமியின் பழைய பட்டறைகளில் பதிவான ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சையும் இன்ஜின் சத்தத்தையும் ஊட்டி அதை வளர்த்திருந்தார்கள். அதனால் எந்த வண்டியைத் திறந்தாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்.

"இதுல கடைசியா யாரு கை வச்சது?"

"நீதான்," என்றாள் தெய்வக்கனி.

"நானா இருக்காதுக்கா. நானா இருந்தா இப்படிக் கெடுத்து வச்சிருக்க மாட்டேன்."

அந்தக் கேள்வியை ஒரு முறை நீக்கிப் பார்த்திருக்கிறார்கள். கூடவே கோளாறு கண்டுபிடிக்கும் திறமையும் போய்விட்டது. திரும்பச் சேர்த்துவிட்டார்கள்.

"எப்பத் தட்டுது? ஸ்டார்ட் பண்ணினதுமா, சூடான பிறகா?"

"ஏத்தத்துல. லோடு இருக்கும்போது மட்டும். எறக்கத்துல பேசாம வரும்."

"அப்ப பேரிங் இல்ல. பேரிங் போயிருந்தா சும்மா நிக்கும்போதே முனகும்."

ஆனாலும் மேஸ்திரி ஆயிலை இறக்கி விளக்கில் பார்த்தது. உலோக மினுக்கு ஒன்றும் இல்லை. பிளக்குகளைக் கழற்றியது. வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியது போலப் புள்ளிகள்.

"பாத்தியாக்கா? பொறி விழுந்து நெருப்பு பரவி வாரதுக்குள்ள, மூலையில கெடக்குற சாராயம் தானா வெடிக்குது. பிஸ்டன் தலையில சுத்தியல் அடி. இப்படியே ஓட்டினா ஒரு மாசத்துல பிஸ்டன் ஓட்டையாயிடும்."

"மாசத்த விடு. மூணு மணிக்குள்ள அடிய நிறுத்து."

வண்டியைத் தரையில் சுழலும் உருளைகள் மேல் ஏற்றி, பின்சக்கரங்களைப் பிரேக்கால் இறுக்கி, ஏற்றம் ஏறுவது போலவே இழுக்கவைத்தது. தட்டியது. பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியது. தட்டு அடங்கியது, இழுவையும் சேர்ந்து அடங்கியது. அந்த இழுவையில் காலி வண்டிகூட மேடு ஏறாது. நேரத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து ஹெட்டைக் கழற்றியது. இன்ஜினின் எரி அறையில் ஒட்டியிருந்த கரியை ஆறு கையாலும் சுரண்டி, திரும்ப மாட்டி இழுக்கவைத்தது. தட்டியது. மணி பன்னிரண்டரை.

தெய்வக்கனி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

மேஸ்திரி ஒரு கண்ணாடிக் குவளையில் டேங்கிலிருந்து கொஞ்சம் சாராயம் பிடித்து, அதே அளவு தண்ணீர் விட்டது. நல்ல சாராயம் என்றால் தண்ணீரோடு கலந்து தெளிவாக நிற்கும். இது பால் போலக் கலங்கியது. சிறிது நேரத்தில் மேலே ஒரு விரற்கடை அளவுக்குப் பச்சை எண்ணெய் மிதந்தது.

"வண்டி மேல குத்தம் இல்லக்கா. சாராயத்துல பாசி எண்ணெய் நிக்குது. இந்த எண்ணெய்க்குப் பொறுமை கெடையாது, கொஞ்சம் அமுக்கினாலே வெடிச்சிடும். வடிகட்டும்போது நின்னிருக்கணும். நிக்கல."

தெய்வக்கனிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சுவரிலிருந்த பேசியை எடுத்து, சாராயம் வடிக்கும் வடிப்பாலையைக் கூப்பிட்டாள். அங்கே பொறுப்பில் இருப்பவர் ஆறுமுகநயினார்.

"அண்ணாச்சி, நீரு வடிக்கது சாராயமா, கழனித்தண்ணியா? ஊரு வண்டியெல்லாம் நெஞ்சுல அடிச்சிக்கிட்டு ஏறுது. மூணு மணிக்கு எனக்குச் சோதனை. நாளைக்குத் தொட்டியில எறங்கப் போறது நானா, நீரா?"

"கத்தாத தாயி. சாராயம் வடிமண்ணு வழியா எறங்குது. எண்ணெயப் பிடிக்க வேண்டியது மண்ணு. மண்ணு பிடிக்கல."

"என்னத்துக்குப் பிடிக்கல?"

"என்னத்துக்கா? லோடு வருதுல்லா, அதுல மேலாப்புல மட்டும் வெள்ள வெளேர்னு கெடக்கு. கீழ தோண்டினா செவலையா வருது. செவலைக்கு எண்ணெயப் பிடிக்கத் தெரியுமா? சொல்லு. மண்ணு அடிக்கது யாரு? நானா?"

பேசியை அவள் மெதுவாக மாட்டினாள். ஞானராசு பட்டறைக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

வடிமண் வெள்ளை நிறம். ஏழாம் குழியில் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் தொண்ணூறு மீட்டர் ஆழத்தில். அங்கிருந்து வடிப்பாலைக்கு அதை ஏற்றுவதுதான் ஏழு வண்டிகளுக்கும் வேலை. லோடு என்றால் நாற்பது சட்டி. செவலை மண் குழி விளிம்பிலேயே கிடந்தது, ஊர் முழுக்கக் கிடந்தது. தெய்வக்கனிக்கு ஒரு நாள் தோள் வலித்தது. அடியில் முப்பத்தாறு சட்டி வெட்டிவிட்டு மேலே வந்து நாலு சட்டி செவலையால் நிரப்பினாள். யாரும் கேட்கவில்லை. அப்புறம் இன்ஜின் தட்டத் தொடங்கியது, முழு லோடோடு குழியை விட்டு ஏற முடியவில்லை. முப்பது வெள்ளை, பத்து செவலை என்று ஆனது. வண்டி இன்னும் பலமாகத் தட்டியது. செவ்வாயில் எடை மூன்றில் ஒரு பங்குதான். சோம்பலுக்கு மட்டும் அந்தத் தள்ளுபடி கிடையாது.

"மேஸ்திரி, நல்ல வடிமண்ணு இருந்தா இப்பவே இந்த டேங்குச் சாராயத்தச் சுத்தம் பண்ணலாமா?"

"ரெண்டு தடவ விட்டா போதும். ஆனா நல்ல மண்ணுக்கு எங்கக்கா போறது?"

அவள் வண்டி இருக்கைக்கு அடியில் கையை விட்டு ஒரு பையை இழுத்தாள். சலித்து எடுத்த வடிமண், மாவு போல இருந்தது.

"அடேங்கப்பா! இவ்வளவு நைசா ஊர்லயே பாத்ததில்ல. இது எதுக்குக்கா வச்சிருக்க?"

"மேலாப்புல தூவ."

மேஸ்திரி அதற்கு மேல் கேட்கவில்லை. இன்ஜினைத் தாண்டி அதற்கு எதிலும் அக்கறை இல்லை. ஞானராசு மட்டும் பையை எட்டிப் பார்த்து, "சல்லடை எத்தனாம் நம்பர்க்கா?" என்றான்.

துணி கட்டி, மண் பரப்பி, டேங்கிலிருந்த இருபது லிட்டரையும் இரண்டு முறை விட்டு எடுத்தார்கள். பச்சை முழுவதும் மண்ணில் தங்கியது. குவளையில் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது தெளிவாக நின்றது. மணி இரண்டு நாற்பது.

மேட்டில் வண்டி முழு லோடோடு ஏறியது. காற்றடைத்த கேபினுக்குள் தெய்வக்கனி காலணியைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தைத் தளத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். அதிர்வு சீராக, மெத்தென்று வந்தது. பாதி ஏற்றத்தில் நாலாம் கியரே தாங்கியது. உச்சியில் எண்ணியைப் பார்த்த அதிகாரி அதை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். அது சைபர் காட்டியது. ஒரு வருடத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்.

எண்ணியைக் கழற்ற வண்டி பட்டறைக்குத் திரும்பியது. ஞானராசு வெளியே போகும்வரை தெய்வக்கனி காத்திருந்தாள்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கேன். வடிமண்ணு லோடுல செவலை கலந்தா எது வரைக்கும் தட்டாது?"

"கலக்காம இருந்தா தட்டாதுக்கா."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? கணக்கச் சொல்லு."

விளக்கு ஒரு முறை மினுங்கியது. "நாப்பது சட்டிக்கு ரெண்டு. அதுவும் ஏழு வண்டியும் ரெண்டோட நிறுத்தினாத்தான். அதுக்கு மேல யாரு ஒரு சட்டி போட்டாலும் எல்லா வண்டியும் தட்டும்."

"மத்தவனுகளுக்கு இது தெரியுமா?"

"ஆறு பேரும் வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்க. தனித்தனியா. ஞானராசு அண்ணன் போன மாசம்."

"அவனுகளுக்கும் ரெண்டுன்னுதான் சொன்னியா?"

"எல்லாருக்கும் ரெண்டுதான்."

தெய்வக்கனிக்கு அது நியாயமாகப் பட்டது.

மறுநாள் ஏழாம் குழியின் அடியில் முப்பத்தேழு சட்டி வெட்டினாள். தோள் அதற்கு மேல் எழவில்லை. மேலே வந்து விளிம்பில் நிறுத்தி, இரண்டு சட்டி செவலை கொட்டினாள். சுற்றிலும் யாரும் இல்லை. மற்ற ஆறு பேரும் கணக்குத் தெரிந்தவர்கள், இரண்டைத் தாண்ட மாட்டார்கள். அந்தத் தைரியத்தில் மூன்றாவதையும் கொட்டினாள்.