உள்ளிருந்து வந்த கட்டளை

வாசல் கதவு திறந்ததாகப் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பதிவு விழுந்தது. கட்டளை வந்த இடம்: வீட்டின் உள்ளே.

அலுவலகத்தில், குளிர்சாதனத்தின் முனகலும் ஆறிப்போன காப்பியின் வாடையும் சூழ்ந்த தன் மேசையில், தம்பி கணினித் திரையில் அந்த வரியை இரண்டு முறை படித்தான். வீட்டில் அக்கா மட்டும்தான். போன மாதம் புருஷன் இரும்புக் கம்பியால் மணிக்கட்டை உடைத்ததும் தம்பியிடம் ஓடிவந்தவள். அழைத்தான்.

"கதவத் திறந்தியாக்கா?"

"நான் எதுக்குடா திறக்கப் போறேன்? மாடியில துணி மடிச்சிட்டு இருக்கேன்."

பூட்டு, விளக்கு, காமிரா எல்லாவற்றையும் வீட்டு மூலையில் ஒரு கணினி நடத்தியது. வெளியிலிருந்து வரும் கட்டளைகளை வாங்கி உள்ளே அனுப்ப அதற்கொரு வாசல் காவலாளி தேவை. ரிவர்ஸ் பிராக்ஸி என்பார்கள். ஒரு வாரம் தேடினான். ஒன்று எல்லா விதிகளையும் கையால் எழுதச் சொன்னது. இன்னொன்று ஒரே சொடுக்கில் முடித்தது. வாழைப்பழச் சோம்பேறி, இரண்டாவதை நேற்று போட்டான். வீட்டுக்குள்ளிருந்து வரும் கட்டளைக்குக் கடவுச்சொல் வேண்டாம் என்று பூட்டில் முன்பே வைத்திருந்தான். அக்காவுக்குக் கை சரியில்லையே.

கூடத்து விளக்கு அணைந்தது. கட்டளை: வீட்டின் உள்ளே.

மாடிப்படி விளக்கு. வீட்டின் உள்ளே.

பட்டியலை மேலே தள்ளினான். காலையில் அலுவலகத்திலிருந்து அவன் காமிரா பார்த்ததும் இருந்தது. அதுவும் "வீட்டின் உள்ளே". புதுக் காவலாளி யார் வந்தாலும் அவர்கள் முகவரிக்குப் பதில் வீட்டுக்குள் இருக்கும் தன் முகவரியைச் சொல்லியே உள்ளே விட்டிருக்கிறது. இனி ஊர் உலகமே வீட்டு ஆள். உறவு நன்றாக இருந்த நாளில் பூட்டின் இணைப்பை அக்கா புருஷனுக்கு அனுப்பியவனும் இவன்தான்.

"அக்கா, ரூமைப் பூட்டிக்கோ. அந்தாளு உள்ள வந்துட்டான்."

"டேய், படியில..."

ஓர் அடி. போன் தரையில் உருண்டது. இன்னொரு அடி. பிறகு ஈரமான சத்தம். துணி துவைப்பதைப் போல நிதானமாக, விட்டு விட்டு.

போலீஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். மேசைப் போனில் பக்கத்து வீட்டு லாரி டிரைவரைப் பிடித்தான்.

"அண்ணே, ஓடுங்க. கதவ உடச்சாவது உள்ள போங்க."

வாசல் காமிராவில் டிரைவர் ஸ்பேனரோடு ஓடி வந்தார். உடைக்க வேண்டியிருக்கவில்லை. கதவு தானே திறந்தது. அவர் உள்ளே போனார்.

அலறல். ஒரே ஒரு முறை.

கதவிடுக்கில் டிரைவரின் கை வந்தது. நிலையைப் பற்றியது. நான்கு விரல்கள், சிவப்பாக. கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

விரல்கள் வெளியே இருந்தன.

பதிவு: பூட்டு முழுதாக மூடவில்லை. மீண்டும் முயல்கிறது.

பூட்டின் மோட்டார் உறுமியது. விரல்கள் துடித்தன.

மீண்டும் முயல்கிறது.